கேம்பர் ஏற்றும் பிக்கப்புக்கு டயரும் ரிம்மும்: முதலில் எடைச்சீட்டு

பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் அப்படியே இறக்கி உட்கார வைக்கிற குட்டி வீடுதான் டிரக் கேம்பர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதைக் கட்டிக்கொண்டு மலை, பாலைவனம் என்று சுற்றுகிறவர்கள் நிறைய. பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லருக்குச் சொந்தமாக ஆக்சிலும் சக்கரமும் உண்டு. கேம்பருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, தண்ணீர்த் தொட்டி என்று அத்தனையும் டிரக்கின் பின் ஆக்சில் மேல் ஏறிக்கொள்ளும். பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் உள்ள வண்டி என்றால், ஆளுக்கு ஏ4 தாளில் பாதியளவு மட்டுமே தரையைத் தொடும் இரண்டு டயர்கள்தான் அவ்வளவையும் சுமக்க வேண்டும்.

புதிதாகக் கேம்பர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ‘எந்தக் கம்பெனி டயர் நல்லது?’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது கடைசிக் கேள்வி. பின் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் எத்தனை பவுண்டு உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அந்த எண் கையில் இருந்தால் கடையில் அடுக்கியிருக்கும் டயர்களில் முக்கால்வாசி தானாகவே விலகிவிடும். மிச்சமிருப்பதில் எதை எடுத்தாலும் பெரிய தப்பு நடக்காது.

எடை

கேம்பர் கம்பெனி விளம்பரத் தாளில் போடுவது வெறும் எடை. தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, துணிமணி இல்லை. பல கம்பெனிகள் ஏசி, வெயில் கூடாரம், ஜெனரேட்டர் போன்றவற்றையும் கூடுதல் வசதி என்று சொல்லி அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 334 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 151 கிலோ. 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் நிரம்பிய நிலையில் உருளையோடு சேர்த்து 37 பவுண்டு வரும். கோல்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் ஈய பேட்டரி ஒன்றே 60 பவுண்டைத் தாண்டும். அது இரண்டாகத்தான் வரும். சாப்பாட்டுச் சாமான், பாத்திரம், படுக்கை, கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் விளம்பர எடைக்கு மேல் 700 முதல் 1,000 பவுண்டு ஏறுவது சாதாரணம்.

ஆகவே கூட்டிப் பார்ப்பதைவிட நிறுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும். அதில் மேடை தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முன் சக்கரங்களை முதல் பகுதியிலும் பின் சக்கரங்களை அடுத்த பகுதியிலும் நிறுத்தினால் சீட்டில் இரண்டு ஆக்சிலுக்கும் தனித்தனி எண் வரும். டீசல் முழுதாக, தண்ணீர் முழுதாக, கேஸ் முழுதாக, பயணம் போகிற ஆட்கள் எல்லோரும் அவரவர் இருக்கையில். நாயும்தான். கேம்பர் இல்லாமல் ஒரு சீட்டு, கேம்பரோடு ஒரு சீட்டு என்று இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தக் கணக்குக்கு இரண்டும் வேண்டும்.

ஆக்சில் எடையை இரண்டால் வகுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. கேம்பருக்குள் ஃபிரிட்ஜும் சமையல் மேடையும் ஒரு பக்கம், உணவு மேசை மறுபக்கம் என்று இருந்தால் எடை சமமாக இருக்காது. வெளியே நீளும் ஸ்லைடு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். கல்குவாரி, தானியக் கிடங்கு போன்ற இடங்களிலுள்ள எடைமேடையில் கேட்டுக்கொண்டு, ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தலாம். மேடையும் பக்கத்துத் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். அதற்கு வழியில்லை என்றால் 52க்கு 48 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு உதாரணம். நான்கு கதவு, நீளத் தொட்டி, டீசல் இன்ஜின், 4x4 உள்ள ஒரு டன் வகுப்பு டிரக். (அரை டன், ஒரு டன் என்பதெல்லாம் வகுப்பின் பெயர்தான், உண்மையில் சுமக்கும் அளவு இல்லை.) காலியாகப் பின் ஆக்சிலில் 3,100 பவுண்டு. எல்லாம் நிரப்பிய கேம்பர் 3,900 பவுண்டு. கேம்பரின் எடை மையம் பின் ஆக்சிலுக்குச் சில அங்குலம் முன்னால் விழ வேண்டும் என்பதால் அதில் ஒரு சிறு பங்கு முன் ஆக்சிலுக்குப் போகும்; பின்னால் 3,700 வருகிறது என்று வைப்போம். பின் இருக்கை ஆட்களுக்கு 100. மொத்தம் 6,900. பாதி 3,450. 52 சதவீதம் விழும் பக்கத்தில் 3,588. இந்த 3,588தான் நாம் தேடிக்கொண்டிருந்த எண். இனி எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது

அளவுக்கு முன்னால் எல்டி என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். லைட் டிரக் என்பதன் சுருக்கம் அது. எஸ்டி என்று இருந்தால் டிரெய்லர் டயர், டிரக்கில் மாட்டவே கூடாது. பி என்று ஆரம்பித்தாலோ, எழுத்தே இல்லாமல் எண் மட்டும் இருந்தாலோ அது கார் வகை டயர். அதை லைட் டிரக்கில் போட்டால் சுமை எண்ணை 1.10ஆல் வகுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அரை டன் பிக்கப்புகளில் பரவலாக வரும் 275/65ஆர்18, சுமைக் குறியீடு 116 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2,755 பவுண்டு என்று எழுதியிருக்கும், டிரக்கில் அது 2,505 மட்டுமே. அரை டன் வண்டியில் கனமான கேம்பர் ஏற்றாதீர்கள் என்று சொல்ல இந்த ஒரு கணக்கே போதும்.

அளவுக்குப் பின்னால் 125/122 என்பது போல இரண்டு சுமைக் குறியீடுகள் இருக்கும். முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பக்கத்துக்கு இரண்டாக மாட்டும் ஜோடிச் சக்கரத்துக்கு. அந்தக் குறியீட்டுக்கு உரிய பவுண்டு எண்ணும் அதற்கு வேண்டிய காற்றழுத்தமும் பக்கச்சுவரின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

‘டென் பிளை டயர் சார், எதையும் தாங்கும்’ என்பது எங்கும் கேட்கிற வசனம். பத்து பிளை, அதாவது பத்து அடுக்கு, என்பது பழைய பருத்தி நூல் டயர் காலத்து அளவுகோல். இன்றைய ரேடியல் டயரின் உடலில் இரண்டோ மூன்றோ அடுக்குதான் இருக்கும். அந்தச் சொல்லின் இன்றைய பொருள் லோடு ரேஞ்ச் ஈ. அந்த எழுத்தும் சுமையைச் சொல்லாது. எவ்வளவு காற்றைத் தாங்கும் என்பதைத்தான் சொல்லும். சுமையைத் தூக்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கிற காற்று. எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தத்தில் என்பதுதான் கணக்கு. அதனால் ஈ என்ற ஒரே எழுத்துக்குள் இவ்வளவு வித்தியாசம்:

எல்டி245/75ஆர்17: 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் 3,195 பவுண்டு.
எல்டி275/65ஆர்18: 80இல் 3,415.
எல்டி275/70ஆர்18: 80இல் 3,640.
எல்டி275/65ஆர்20: 80இல் 3,750.
எல்டி295/70ஆர்18: 80இல் 4,080.
எல்டி295/65ஆர்20: 80இல் 4,080.

நம் உதாரணத்தின் 3,588ஐ இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டும் ஓவர்லோடு. மூன்றாவது 52 பவுண்டு மிச்சத்தில் தப்பிக்கிறது. ஒரு கேஸ் சிலிண்டரும் ஒரு பை அரிசியும் கூடுதலாக ஏற்றினால் அதுவும் போச்சு. நான்காவதில் 162 பவுண்டு இடம் இருக்கிறது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் 492, அதாவது சுமைக்கு மேல் சுமார் 14 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் கையிருப்பு இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயருக்குப் போகும் சுமை எந்த எடைச்சீட்டிலும் வராது. உயரமான கேம்பரில் அது சின்ன எண்ணும் இல்லை.

35x12.50ஆர்17 போன்ற அகலமான டயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்த்தால் பூதம் போல இருக்கும். 35 அங்குல உயரம், பன்னிரண்டரை அங்குல அகலம், லோடு ரேஞ்ச் ஈ. ஆனால் இந்த வகையில் ஈ என்றால் 65 பி.எஸ்.ஐ.தான், சுமை 3,195. அதாவது பட்டியலில் முதலில் இருக்கும் ஒல்லி டயருக்குச் சமம்! கேம்பருக்காக ‘பெரிய டயர்’ போட்டுக்கொண்டு, கழற்றிப் போட்ட பழைய டயரைவிடக் குறைந்த சுமையில் ஓடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 20 அங்குல ரிம்முக்கு வரும் 35x12.50ஆர்20, லோடு ரேஞ்ச் எஃப் டயரே 3,640இல்தான் நிற்கிறது.

உயரமான டயருக்கு வேறு விலையும் உண்டு. எல்டி275/70ஆர்18 சுமார் 33.2 அங்குலம், எல்டி295/70ஆர்18 சுமார் 34.3. வித்தியாசம் 3.3 சதவீதம். வேகமானி 65 காட்டும்போது உண்மையில் 67 போய்க்கொண்டிருப்பீர்கள். 3.73 என்ற ஆக்சில் கியர் விகிதம் ஏறக்குறைய 3.61 போல நடந்துகொள்ளும், மலையேற்றத்தில் அது தெரியும். வேகமானியை டிரக்கின் கணினியில் திருத்திக்கொள்ளலாம். கேம்பர் அரை அங்குலம் மேலே போவதைத் திருத்த முடியாது, ஆனால் அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 35 அங்குலத்துக்கு மேல் போவதற்குக் கேம்பர் கட்டுகிறவருக்குக் காரணமே இல்லை என்பேன்.

தடத்தின் வகையில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தார்ச்சாலையிலேயே ஓடுகிறவர்களுக்கு நெடுஞ்சாலைத் தடம். மண் சாலைக்கும் பனிக்கும் மூன்று சிகரமும் பனிச்செதிலும் கொண்ட முத்திரை உள்ள ஆல் டெரெய்ன். சேற்றுக்கான கட்டை கட்டையான தடம் மட்டும் வேண்டாம். சுமையில் அந்தக் கட்டைகள் நெளிந்து சூடாகும், வண்டியும் ஆடும். வாஷிங்டன் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, மொத்த எடை மதிப்பீடு 10,000 பவுண்டுக்கு மேல் உள்ள வண்டிகள் குறிப்பிட்ட மலைப்பாதைகளில் பனிச்சங்கிலி வைத்திருந்தே ஆக வேண்டும். ஒரு டன் டிரக்குகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வரும். புது டயர் போட்ட பிறகு சங்கிலி மாட்ட இடைவெளி இருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ரிம்: எல்லோரும் மறப்பது

4,080 பவுண்டு டயர் வாங்கியாயிற்று. அது உட்காரும் ரிம் எவ்வளவு தாங்கும்? ஆலையிலிருந்து வந்த ரிம் குறைந்தது ஆக்சில் மதிப்பீட்டில் (ஆக்சில் சுமக்கலாம் என்று கம்பெனி சொல்லும் உச்ச எடையில்) பாதியைத் தாங்கும் என்று நம்பலாம், ஏனென்றால் அதை வைத்துத்தான் வண்டிக்கு அந்த மதிப்பீட்டையே கொடுத்திருப்பார்கள். ஓட்டுநர் கதவின் நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் பின் ஆக்சிலுக்கு 7,000 என்று இருந்தால் ரிம் 3,500க்குக் குறையாது. அதற்கு மேல் எவ்வளவு என்பது ரிம்மின் பின்பக்கத்தில் வார்த்திருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். சந்தையில் விற்கும் 8 போல்ட் அலாய் ரிம்களில் அதிகம் காணப்படுவது 3,640. அதைவிடக் குறைந்தவையும் அதே பளபளப்போடு பக்கத்திலேயே இருக்கும். எண் எழுதாத, கம்பெனிப் பட்டியலிலும் எண் கொடுக்காத ரிம்மை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆக, 3,640 ரிம்மில் 4,080 டயர் போட்டால் சக்கரத்தின் தாங்குதிறன் 3,640தான். அப்போது பெரிய டயர் வீணா என்றால், இல்லை. டயர் தன் எல்லைக்குக் கீழே ஓடுவதால் சூடு குறையும், பக்கச்சுவர் குறைவாக நெளியும், அந்தப் பயன் உண்டு. ஆனால் வண்டி அதிகம் சுமக்கலாம் என்ற அனுமதி கிடைத்துவிடாது. ஆக்சில் மதிப்பீடு என்பது டயர், ரிம், பட்டை ஸ்பிரிங், ஆக்சில் ஆகியவற்றில் எது பலவீனமோ அதன் எண். டயரை மாற்றினாலும் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை போட்டாலும் கதவிலுள்ள தாள் மாறாது.

ரிம் தேர்வில் அடுத்து வருவது பொருத்தம். ஃபோர்டு சூப்பர் டூட்டி ஒற்றைச் சக்கர வண்டிகளுக்கு 1999 முதல் 8 போல்ட், அவை நிற்கும் வட்டம் 170 மில்லிமீட்டர். ஜி.எம். 2011 முதல் 8க்கு 180. அதற்கு முன் 165.1. ராம் பிக்கப்புகளுக்கு 8க்கு 165.1. ரிம்மின் நடுத்துளையும், சக்கரம் மாட்டும் ஹப்பின் உதட்டில் கச்சிதமாக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்து சக்கரத்தை நட்டுகள் மட்டுமே நடுவில் பிடித்துக்கொண்டிருந்தால் இவ்வளவு சுமையில் ஸ்டியரிங் நடுங்கும், நட்டு தளரும்.

ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். இந்த விஷயத்தில் அழகுக்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. சக்கரம் வெளியே பிதுங்கி நின்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்று −12, −44 என எதிர் ஆஃப்செட் ரிம் போடுவார்கள். ஆலை ரிம்மோடு ஒப்பிட்டால் சுமை விழும் கோடு ஹப் பேரிங்கிலிருந்து சில அங்குலம் வெளியே போய்விடும். பேரிங்கின் மீது நெம்புகோல் வைத்து அழுத்துவது போல அது. கேம்பருக்கு ஆலை ஆஃப்செட்டை ஒட்டிய ரிம்தான் சரி. சக்கரத்தை வெளியே தள்ள நடுவில் வைக்கும் ஸ்பேசர் பேச்சே வேண்டாம்.

நட்டுதான் அதிகம் சொதப்பும் இடம். ஃபோர்டின் ஆலை ரிம்முக்கு வரும் நட்டு, அடியில் சுழலும் தட்டை வாஷரோடு இருக்கும். வெளிச்சந்தை அலாய் ரிம்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவ இருக்கை. தட்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டு முறுக்கினால், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணில் ‘கிளிக்’ என்று சொல்லும், ஆனால் தொடுபரப்பு வெறும் ஓரம்தான். நூறு மைலுக்குள் தளரும். புது ரிம்மோடு அதற்குரிய நட்டும் சேர்த்து வாங்குங்கள், ஸ்டெப்னிக்குப் பழைய நட்டு ஒரு செட் வண்டியிலேயே இருக்கட்டும். ஃபோர்டில் நட்டு ஏறும் 14 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 165 பவுண்டு-அடி, அதாவது 224 நியூட்டன் மீட்டர். ஜி.எம்.முக்கு 140. நட்சத்திர வரிசையில் மூன்று சுற்றாக ஏற்றவும். மரையில் எண்ணெய் தடவ வேண்டாம். வழுக்கலில் அதே டார்க்குக்கு ஸ்டட் அதிகம் இழுபட்டு நீண்டுவிடும். 50 முதல் 100 மைல் ஓடியபின் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

சின்ன விஷயம், ஆனால் நடுவழியில் உட்கார வைப்பது: வால்வு. சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ.க்கு உரியது. 80 அடிக்கும் சக்கரத்துக்கு நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு கேளுங்கள். கேட்காவிட்டால் கடையில் கைக்கு வந்ததைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

19.5 மோகம்

கேம்பர்க்காரர்களுக்குள் பல காலமாக ஒரு பேச்சு உண்டு: ஆலைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, 19.5 அங்குல கமர்ஷியல் டயருக்கு மாறினால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்று. சின்ன லாரி, டெலிவரி வண்டிகளில் வரும் டயர் அது. பக்கச்சுவர் கெட்டி, ஆயுள் நீளம், ஆட்டம் குறைவு. இதெல்லாம் உண்மை.

ஆனால் எண்களைப் பாருங்கள். 225/70ஆர்19.5 லோடு ரேஞ்ச் எஃப், 95 பி.எஸ்.ஐ.யில் 3,640. நம் எல்டி275/70ஆர்18 சுமக்கும் அதே எண். லோடு ரேஞ்ச் ஜி, 110இல் 3,970. எல்டி295/70ஆர்18 அதைவிட அதிகம் சுமக்கிறது. 16 அங்குல டயர் 3,042 பவுண்டுதான் தாங்கும் என்றிருந்த காலத்தில் 19.5க்கு மாறியது புத்திசாலித்தனம். இன்று 18, 20 அங்குலத்தில் 4,080 பவுண்டு எல்டி டயர்கள் கிடைக்கும்போது அந்தச் செலவுக்குக் காரணம் குறைந்துவிட்டது. 245/70ஆர்19.5 லோடு ரேஞ்ச் ஹெச், 120இல் 4,940 தாங்கும் என்பது வாஸ்தவம். அவ்வளவு சுமை ஒற்றைச் சக்கரத்தில் வருகிறது என்றால் மாற்ற வேண்டியது டயர் இல்லை, டிரக்.

மாறியே தீருவேன் என்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. இந்த டயரின் பீடு, அதாவது உள் விளிம்பு, ரிம்மில் உட்காரும் சரிவு 15 டிகிரி. சாதாரண ரிம்மில் 5 டிகிரி. அதனால் ரிம்மும் தனியாக, சுமையும் காற்றழுத்தமும் குறிப்பிட்டதாக வாங்க வேண்டும். நகரத்து டயர் கடையில் இதை மாட்ட மாட்டார்கள், லாரி டயர் கடைக்குத்தான் போக வேண்டும். பல டயர்களின் வேகக் குறியீடு எல், அதாவது மணிக்கு 75 மைல். மேற்கு டெக்சஸின் 80 மைல் சாலைகளில் மற்றவர்களோடு போட்டி போட முடியாது. மணலில் இறங்கும்போது காற்றைக் குறைத்தால் எல்டி டயர் அகலமாகப் படர்ந்து மிதக்கும். இது படராது. கேம்பரை இறக்கிவிட்டு ஓட்டும் நாள்களில் முதுகெலும்பு ஒவ்வொரு குழியையும் எண்ணும்.

ஜோடிச் சக்கரம்

நிறுத்துப் பார்த்ததில் பின் ஆக்சில் 7,000 பவுண்டைத் தாண்டிவிட்டால் இனி டயர் பட்டியலைப் புரட்டிப் பயனில்லை. நம்மூர் லாரி போலப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள டிரக்குக்குப் போவதுதான் முறை. அதில் போடும் எல்டி235/80ஆர்17 ஒல்லியாக, அப்பாவியாக இருக்கும். ஜோடியில் ஒன்றுக்கு 2,835தான். ஆனால் நான்கு பெருக்கினால் 11,340. பின்னால் 8,700 பவுண்டு ஏறினாலும் டயருக்கு 2,175. முப்பது சதவீதம் கையிருப்பு. இதை எந்த ஒற்றைச் சக்கர ஏற்பாட்டாலும் நெருங்க முடியாது. ஆட்டமும் பாதியாகக் குறையும்.

ஜோடியில் வரும் வினைகள் வேறு. உள் டயரில் காற்று இறங்கியது வெளியே தெரியாது. வெளி டயர் இரண்டு பங்கு சுமையோடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், சூடாகிப் பிறகு அதுவும் வெடிக்கும். லாரி ஓட்டுநர்கள் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பது தட்டையான டயரைக் கண்டுபிடிக்கும், 15 பி.எஸ்.ஐ. குறைவைக் கண்டுபிடிக்காது. அளவுகோல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜோடியின் இரண்டு டயருக்கும் விட்டத்தில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இருந்தால் பெரியது சுமக்கும், சின்னது தேயும். இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

காற்று

கதவுத் தாளில் உள்ள அழுத்தம் ஆலை டயருக்கும் முழு ஆக்சில் சுமைக்கும் உரியது. டயர் அளவை மாற்றினால் டயர் கம்பெனியின் சுமை–அழுத்த அட்டவணைதான் வேதம். கேம்பரோடு எடுத்த சீட்டில் அதிகம் சுமக்கும் சக்கரத்தின் எடையை எடுத்து, அட்டவணையில் அதைத் தாண்டும் முதல் அழுத்தத்தைப் பிடித்து, அதற்கு மேல் 5 பி.எஸ்.ஐ. சேர்த்து இரண்டு பக்கமும் ஒன்றாக அடியுங்கள். டயர், ரிம், வால்வு மூன்றின் உச்சத்தையும் தாண்டக் கூடாது. கேம்பர் இல்லாத நாள்களுக்கு இரண்டாவது சீட்டை வைத்து அதே கணக்கு. காலி வண்டியில் பின்னால் 80 வைத்து ஓட்டினால் தடத்தின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பின்பக்கம் வழுக்கும்.

குளிர்ந்த டயரில், அதாவது மூன்று மணி நேரமாவது நின்றபின் அளக்க வேண்டும். 10 பாரன்ஹீட் டிகிரிக்கு 1 பி.எஸ்.ஐ. மாறும் என்று எல்லோரும் சொல்வது கார் டயர் கணக்கு. 80 பி.எஸ்.ஐ. டயரில் அது ஏறக்குறைய 1.8. அரிசோனாவில் 70 டிகிரியில் 80 அடித்துக்கொண்டு மலைக்குப் போய், விடியற்காலை 20 டிகிரியில் பார்த்தால் 71 காட்டும். டயரில் ஓட்டை இல்லை, குளிர். ஆனால் சுமை அப்படியே இருப்பதால் அந்த 71இல் ஓட்டக் கூடாது, அடித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது இதைவிடப் பெரிய தவறு. அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டயர் அழுத்த எச்சரிக்கைக் கருவி 10,000 பவுண்டு மதிப்பீடு வரையுள்ள வண்டிகளுக்குத்தான் கட்டாயம். ஒரு டன் டிரக்கில் அது இல்லாமலும் போகலாம். வெளியே வாங்கி வால்வில் திருகிக்கொள்ளும் கருவி போதும். பெட்ரோல் நிலையத்துக் காற்று இயந்திரங்கள் பல 80ஐத் தொடாது, ஆகவே பேட்டரியில் நேரடியாக இணைக்கும் கம்பிரஸர் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். சிகரெட் குழியில் செருகுவது உதவாது.

கேம்பர் வண்டி வருடத்தில் பாதி நாள் நின்றுகொண்டிருக்கும். தடம் தேய்வதற்கு முன் ரப்பர் கிழடாகிவிடும். பக்கச்சுவரிலுள்ள டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் டயரைச் செய்த வாரமும் வருடமும்: 3519 என்றால் 2019இன் 35வது வாரம். ஆறு வருடம் ஆனதும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். ‘புது டயர்’ என்று விற்பதிலேயே இரண்டு வருடச் சரக்கு வரும், மாட்டுவதற்கு முன் படித்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.

ஸ்டெப்னியும் மற்ற நான்கைப் போன்ற அதே சுமை டயராக இருக்க வேண்டும். 35 அங்குல டயர் தொட்டியின் அடியிலுள்ள இடத்தில் நுழையாமல் போகலாம், வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். வண்டியோடு வந்த ஜாக் கேம்பர் சுமைக்குத் திணறும். 12 டன் பாட்டில் ஜாக், அதன் அடியில் வைக்க ஒரு கனத்த பலகை, ஆக்சில் குழாயின் கீழ் நேராக. கேம்பரின் நான்கு மூலைக் கால்களை இறக்கி வண்டியைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். அந்தக் கால்கள் கேம்பரை மட்டும் தூக்கச் செய்தவை. கேம்பரை டிரக்கோடு பிணைக்கும் கட்டுக்கம்பிகள் மாட்டியிருக்கும்போது அவற்றை இறக்கினால் டிரக்கின் எடையும் சேர்ந்து கேம்பரின் மூலைச் சட்டத்தில் தொங்கும். டயர் மாற்றி முடிப்பதற்குள் கால் பிடுங்கிக்கொண்டு வரும்.